ஒழிந்தது எது? ஒழித்தது யார்?

சென்ற மாதம் சுள்ளிக்கல்லில் நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் வாடகை வீட்டைக் காலி செய்தார். சாமான் தூக்க நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டி வெளியே வந்தது. திறந்தால், நூல் போட்டுக் கட்டிய ஒரு கத்தைக் காகிதம். மணியார்டர் போய்ச் சேர்ந்த பிறகு அனுப்பியவருக்குத் திரும்பி வருமே, அந்த ஒப்புதல் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கைநாட்டு. தேனிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அவருடைய ஆத்தாவின் இடது கைப் பெருவிரல்.

"தாத்தா, இது என்ன?" என்று பேரப்பிள்ளை கேட்டான். "எல்லாம் காலாவதியான சாமான், பழைய பேப்பர்காரனுக்குப் போடு" என்றார் மகன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "இருபத்திரெண்டு வருசம் மாசாமாசம் ஆத்தா எனக்குப் போட்ட கடுதாசி இதுதான்" என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 'காலாவதி' என்ற ஒரு சொல்லை நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ஒரு பொருளோ சேவையோ ஒழிந்தது என்றால், அதனால் யாருடைய வேலை நடந்ததோ அவர்களுடைய தேவையும் ஒழிந்துவிட்டதா? ஒழித்தவர் யார்? ஒழிந்த இடத்தில் என்ன வைத்தார்கள்? பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்த நாம் இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் இருக்க முடியாது. ஊருக்கும் நமக்கும் நடுவே இருந்த கயிறுகள் எல்லாம் இந்தச் சேவைகள்தாம்.

மணியார்டர்

இந்தியத் தபால் நிலையங்களில் மணியார்டர் 1880இல் தொடங்கியது. கட்டணம் ஒன்றும் குறைவில்லை. கடைசிக் காலத்தில் 20 ரூபாய்க்கு 1 ரூபாய். அதாவது 500 ரூபாய் அனுப்பினால் 25 ரூபாய் போய்விடும். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு அது. ஆனாலும் அனுப்பினோம். ஏன்? தபால்காரர் பணத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூப்பனில் நாலு வரி நாம் எழுதியதை அவரே படித்துக் காட்டினார். வாங்கியதற்குச் சாட்சியாக விரல் ரேகை பதிந்த சீட்டு நமக்குத் திரும்பி வந்தது. பணம், செய்தி, சாட்சி என்ற மூன்றும் ஒரே தாளில் போய்வந்தன.

2008இல் மின் மணியார்டர் வந்தது. 2015 ஏப்ரலோடு பழைய தாள் மணியார்டர் நின்றது. இன்று போனை எடுத்து நாலு தடவை தட்டினால் பணம் போய்விடுகிறது, கட்டணமும் கிடையாது. இது நல்லதுதான். அந்த 25 ரூபாய் நம் பிள்ளைகளுக்கு மிச்சம். இதை எதிர்த்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் பணம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் நிற்கிறது, வாசலில் அல்ல. கிராமத்தில் தனியாக இருக்கும் கிழவி அதை எடுக்க பஸ் ஏற வேண்டும். அல்லது அட்டையையும் ரகசிய எண்ணையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுக்க வேண்டும். எடுத்தது எவ்வளவு, கையில் கொடுத்தது எவ்வளவு என்று பார்க்கப் போவது யார்? பணம் போன செய்தி நம் போனில் 'டிங்' என்று வருகிறது. ஆத்தா கையில் சேர்ந்த செய்தி வருவதில்லை.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் தபால் துறையே ஒரு வங்கி தொடங்கியது. அதன் வழியாகத் தபால்காரரே ஒரு சிறு இயந்திரத்தோடு வீட்டுக்கு வந்து, விரல் ரேகையைப் பார்த்துக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கிறார். வாசலுக்குப் பணம் வரும் வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? தெரியாத உரிமை இல்லாத உரிமைக்குச் சமம். ஊரில் வயதானவர்கள் இருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் அடுத்த முறை போகும்போது தபால் நிலையத்தில் இதை விசாரித்து வர வேண்டும்.

தந்தி

தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டாலே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். 'தகப்பன் சீரியஸ், உடனே புறப்படு' என்று வந்தால், உயிர் போய்விட்டது என்று நாமே அர்த்தம் செய்துகொள்வோம். இந்த நாட்டில் முதல் தந்திக் கம்பி 1850இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே போடப்பட்டது. 1985இல் ஆண்டுக்கு 6 கோடி தந்திகள், 45,000 அலுவலகங்கள் என்ற நிலை இருந்தது. 2013 ஜூலை 14ஆம் தேதி கடைசித் தந்தியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியபோது மிச்சம் இருந்தவை 75 அலுவலகங்களே.

நட்டம் என்றார்கள். உண்மைதான். கைக்குக் கை போன் வந்த பிறகு யார் தந்தி அடிப்பார்கள்? செய்தி அனுப்பும் கருவியாகத் தந்திக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஆனால் தொழிலாளிக்குத் தந்தி வெறும் செய்தி மட்டுமா? மேஸ்திரி ஆளை வேலையிலிருந்து நீக்கிவிட்டு 'அவன் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான்' என்பான். தகப்பன் இறந்த தந்தித் தாள் கையில் இருந்தால் அவன் வாய் அடைபடும். போலீசார் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு போனால், குடும்பத்தார் முதலில் ஓடுவது தந்தி ஆபீசுக்கு. மேலதிகாரிகளுக்கும் நீதிமன்றத்துக்கும் தந்தி அடிப்பார்கள். இத்தனாம் தேதி, இத்தனை மணிக்கு இந்த ஆள் காவலில் இருந்தான் என்பதற்கு அரசாங்க முத்திரையோடு ஒரு சாட்சி உண்டாகிவிடும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவனின் வக்கீல் அந்தத் தாள்.

தந்தி போன பிறகு அந்த வேலையைப் பதிவுத் தபால் செய்துகொண்டிருந்தது. 2025இல் அதையும் தனிச் சேவையாக இல்லாமல் செய்து விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். சாட்சியோடு அனுப்பும் வழி இன்றும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் போடு' என்று தலைமுறை தலைமுறையாக நம் மக்களுக்குப் பழகிய ஒரு சொல் போய்விட்டது. புதிய வழி என்ன, எவ்வளவு ஆகும் என்று மனுப் போடும் மக்களுக்கு எடுத்துச் சொல்ல எந்த அதிகாரி நம் தெருவுக்கு வந்தார்?

எஸ்.டி.டி. பூத்

மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர். 1980களின் பிற்பாதியிலிருந்து தெருவுக்குத் தெரு வந்தன. பகலில் முழுக் கட்டணம். இரவு முதிர முதிரப் பாதி, கால் என்று குறையும். வேலை முடிந்து குளித்துவிட்டு, அந்தக் கால் கட்டண நேரத்துக்காக நம் ஆட்கள் பூத் வாசலில் வரிசையில் குந்தியிருப்பார்கள். அங்கே ஊர்ச் செய்தி, வேலைச் செய்தி, கூலித் தகராறு எல்லாம் பேசப்படும். சங்கத்துக்கு ஆள் சேர்ந்ததும் பல நாள் அந்த வரிசையில்தான்.

இந்தப் பூத்துகளைக் கொடுக்கும்போது உடல் ஊனமுற்றோருக்கு அரசாங்கம் முன்னுரிமை அளித்தது. கால் நடக்காதவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குடும்பத்தைக் காப்பாற்றினார். செல்போன் வந்தது, மீட்டர் ஓடுவது நின்றது. ஊர் முகத்தைப் போனிலேயே பார்த்துப் பேசும் காலம் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நாற்காலிக்காரருக்கு மாற்று என்ன கொடுத்தார்கள்? பூத்தில் ஜெராக்ஸ் இயந்திரம் வாங்கிப் போட முடிந்தவர் தப்பித்தார். முடியாதவர் வீட்டுக்குள் போய் முடங்கினார். நட்டக் கணக்கு எழுதும் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி கிடையாது.

சாப்பா

'பழையது எல்லாம் நல்லது என்கிறாயா?' என்று இளைய தோழர்கள் கேட்கலாம். இல்லை. ஒழிந்தே தீர வேண்டியவையும் உண்டு. நாம் குடியிருக்கும் இந்த மட்டாஞ்சேரி மண்ணிலேயே அப்படி ஒன்று இருந்தது. அதன் பெயர் சாப்பா.

கொச்சித் துறைமுகத்தில் கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் முறை அது. விடியற்காலையில் தொழிலாளிகள் கூட்டமாகக் காத்து நிற்பார்கள். கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். அதுதான் சாப்பா. பாய்ந்து, புரண்டு, ஒருவனை ஒருவன் மிதித்து, யார் கையில் வில்லை அகப்பட்டதோ அவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டில் அன்று உலை இல்லை. பசித்தவர்களைப் பசித்தவர்களோடு மோதவிட்டு வேடிக்கை பார்த்த முறை.

இதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, அந்தோணி என்ற மூன்று பேரின் உயிரை அந்தப் போராட்டம் வாங்கியது. அதன் பிறகும் சாப்பா ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. தொழிலாளி பெயரைப் பதிந்து, முறை வைத்து வேலை கொடுக்கும் ஏற்பாடு வேரூன்றிய பிறகே அது செத்தது. சாப்பாவை லாபநட்டக் கணக்கு ஒழிக்கவில்லை, விஞ்ஞானம் ஒழிக்கவில்லை, தொழிலாளி ஒழித்தான். ஒழித்த இடத்தில் என்ன வர வேண்டும் என்பதையும் அவனே சொன்னான்.

இதையே கப்பல் சரக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1973இல் கொச்சிக்குப் பெட்டகக் கப்பல் வந்தது. 2011இல் வல்லார்பாடத்துப் பெட்டக முனையம் திறந்தது. மூட்டை தூக்கி முதுகு ஒடிந்தது போதும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் மூட்டையோடு சேர்த்து வேலையும் போனது. முதுகைக் காப்பாற்றிய இயந்திரம் வயிற்றுக்கும் வழி சொல்ல வேண்டாமா? ஒழிப்பதை மேலே இருப்பவர்கள் மட்டும் முடிவு செய்தால் பாதிக் கணக்குத்தான் பார்ப்பார்கள்.

சாப்பா உண்மையில் செத்துவிட்டதா என்பதும் எனக்குச் சந்தேகம். வாடகை வண்டி ஓட்டும் நம் பிள்ளைகளிடம் கேளுங்கள். போனில் மணி அடிக்கும். முந்திக் கை வைத்தவனுக்குச் சவாரி. வில்லை வீசியவன் முகமாவது அன்று தெரிந்தது.

வெளியிலுள்ள சலவைத் துறை

ஒழிந்துவிடும் என்று எல்லாரும் சொல்லியும் ஒழியாமல் நிற்கும் ஒன்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்திலுள்ள சலவைத் துறை. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்தாரின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். துவைகல்லும் தொட்டியும் கொண்ட இப்போதைய கூடத்தை 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. ஆளுக்கொரு தடுப்பு, கஞ்சிப் பசை, கிளிப் இல்லாமல் முறுக்கிய கயிற்றின் புரிக்குள் செருகிக் காயவிடும் துணி.

வீட்டுக்கு வீடு துவைக்கும் இயந்திரம் வந்த பிறகு இது எப்படி நிற்கிறது? பழமையின் மேல் கொண்ட பாசத்தால் அல்ல. அவர்கள் சங்கமாக நின்றார்கள். துறை ஒரு முதலாளியின் கைக்குப் போகாமல் பொதுவில் இருந்தது. தனித்தனியாக இருந்திருந்தால் என்றோ கலைந்து போயிருப்பார்கள். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகிறார்கள், போகட்டும். பிறப்பால் ஒருவன் தலையில் கட்டிய தொழிலை அவன் விட்டு இறங்குவதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் விட்டுப் போவதும் செய்வதும் அவர்கள் முடிவாக இருக்கிறதே, அதுதான் நமக்குப் பாடம்.

அடுத்தது எது?

அந்தத் தகரப் பெட்டிக்குத் திரும்பி வருகிறேன். கைநாட்டு ஒழிந்துவிட்டது என்று நினைக்கிறோம். இல்லை, திரும்பி வந்திருக்கிறது. ரேஷன் கடையில் விரல், வங்கியில் விரல், பென்ஷனுக்கு விரல். ஒரு வேறுபாடுதான். மையில் தோய்த்துத் தாளில் வைத்த விரலை எந்தத் தாளும் 'இது நீ இல்லை' என்று சொன்னதில்லை. இயந்திரம் சொல்கிறது.

நாற்பது வருடம் சலவை செய்து கை தேய்ந்த ஒரு பெரியம்மாவை எனக்குத் தெரியும். ஒரு ரேஷன் கடையிலிருந்து மூன்று நாள் வெறும் பையோடு திரும்பினார். ரேகை விழவில்லையாம். "என் கை என்னையே காட்டிக் கொடுக்கல தம்பி" என்றார். சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் சோடாவிலும் தேய்ந்த விரல்கள் யாருடையவை? வேலை செய்தவனின் விரல்தான் முதலில் தேய்கிறது.

'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அதன்படி தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தமிழ்நாட்டு அட்டைக்காரர் கேரளத்துக் கடையிலும் அரிசி வாங்கலாம். நல்ல திட்டம். ஆனால் அதுவும் விரலில்தான் நிற்கிறது. ரேகை விழாத காரணத்தால் எவருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இதைக் கடைக்காரரிடம் சொல்ல அந்தப் பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்த நாம் அவர் கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் அவர் என்னிடம் சொன்ன பிறகுதான் நான் போனேன். அன்று மகளுடைய விரலை வைத்து அரிசி கிடைத்தது. மகள் இல்லாதவர் என்ன செய்வார்?

அடுத்து பட்டன் போனின் முறை என்ற பேச்சு காதில் விழுகிறது. அதை ஓட்டும் பழைய அலைவரிசையை மூடிவிட வேண்டும் என்று கம்பெனிகள் கேட்கின்றன. நம் வீட்டு வயதானவர்களின் வங்கிக் கணக்குக்கும் ஆதாருக்கும் கட்டியிருக்கும் எண் பெரும்பாலும் அந்தப் பட்டன் போனில்தான் இருக்கிறது. அது மூடும் நாளில் அவர்களுக்கு யார் புதுப் போன் கொடுப்பார்கள்? இப்போதே கேட்க வேண்டும். மூடிய பிறகு கேட்டால் 'காலாவதி' என்று சிரிப்பார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒரு பொதுச் சேவையை நிறுத்துவதற்கு முன், அதைக் கடைசியாக நம்பியிருப்பவன் பயன்படுத்தக்கூடிய மாற்று நடைமுறையில் இருக்க வேண்டும். எந்த அரசு அலுவலகத்திலும் கையால் எழுதிய மனுவை வாங்கி, முத்திரை போட்ட ரசீது கொடுக்க வேண்டும். ரேகை விழாதவருக்குப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருள் கொடுக்கும் வழி ஒவ்வொரு ரேஷன் கடையிலும், தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். சேவை நிற்கும்போது வேலை இழப்பவனுக்கு மாற்று வேலைக்கு ஏற்பாடு வேண்டும்.

கோரிக்கை வைப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. தபால்காரர் படித்துக் காட்டினார், எழுதியும் கொடுத்தார். அந்த வேலையை இனி யார் செய்வது? நாம்தான். ஞாயிறு மாலை சங்க அறையில் இரண்டு மணி நேரம், போன் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் உட்காரட்டும். மனு எழுத, எண் மாற்ற, ரேகை விழாதவரோடு கடைக்குப் போக ஆள் வேண்டும். சுள்ளிக்கல்லில் தொடங்குவோம்; தோப்பும்படிக்கும் வாத்துருத்திக்கும் போகட்டும். முதல் ஞாயிறு நான் வருகிறேன். அந்தப் பெரியவரின் பேரனையும் வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது தாத்தாவின் கத்தையிலிருந்து ஒரு சீட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்; அறைச் சுவரில் ஒட்டி வைப்போம்.